அடிபொளி அடுக்களை

1

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் இந்த முறை ‘வெளிநாட்டுத் தோழியர் பக்கம்’ உண்டு என்று கோமதி தொலைபேசியில் சொன்னாள். மலருக்கு ஆசிரியை அவள்தான். டெக்சாஸிலிருந்து விசாலம், அங்கே அபூர்வமாகப் பெய்த பனியைப் பற்றி எழுதி அனுப்பிவிட்டாளாம். சிட்னியிலிருந்து ராஜி, அங்கே நல்ல முருங்கைக்காய் கிடைக்காத துக்கத்தை நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாளாம். நானும் எழுதுகிறேன் என்றேன். சிரித்துவிட்டாள்.

“ஏட்டி உலகம்மா, திருவனந்தபுரமெல்லாம் ஒரு வெளிநாடா? காலைல ரயிலேறுனா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வந்துரலாம்லா?”

“வரலாம். கலியாணமாகி வந்த நாள்லருந்து எத்தன தரம் வந்துருக்கேன்னு நெனைக்க?”

இது எப்படி வெளிநாடு என்று நானே சொல்கிறேன். டெக்சாஸில் இருப்பவளுக்கு, தனக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது என்பதாவது தெரியும். இங்கே எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். கடைக்காரன் சொல்வது புரியும், கண்டக்டர் சொல்வது புரியும், நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரியும் என்று நினைத்துக்கொள்வோம். பனியில் வழுக்கினால் விழுந்தது உடனே தெரியும். இங்கே விழுந்து, எழுந்து, வீடு வந்து சேர்ந்த பிறகுதான் விழுந்ததே தெரியும். யார் நிஜமான புலம்பெயர்ந்தவள் என்று கோமதி முடிவு செய்யட்டும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்த கூத்து. எங்கள் வீட்டைப் புதுப்பித்துப் பால் காய்ச்சி ஒரு வருஷம் ஆகிறது. வீட்டுக்குப் பிறந்தநாளாம். என் மகன் கார்த்திக் நண்பர்களைக் கூப்பிட்டு கேக் வெட்டினான். கேக்கும் எங்கள் வீட்டின் வடிவத்திலேயே இருந்தது. முன்வாசலிலிருந்து ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே, வீட்டை வெட்டி வெட்டித் தின்றார்கள்.

2

எங்கள் வீடு கரமனையில், ஆற்றுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கெழுதி வாங்கிய வீடு. அவர் காலமான பிறகு குடும்பத்தை ஓட்டியது என் எண்ணெய்ச் சட்டி. கலியாண வீடுகளுக்கு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து செய்து கொடுக்கிறேன். கூட ஒத்தாசைக்கு ஈஸ்வரி, நாகர்கோவில் பக்கத்துக்காரி. கார்த்திக் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்று நான் வாயைத் திறந்த அன்றைக்கு, முதலில் வீட்டைப் பார்க்கும்படி ஆக்க வேண்டும் என்று அவன் ஆரம்பித்தான்.

அதற்காக நிகில் என்று ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தான். முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும் கால்சட்டை. வீட்டுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு, இந்த வீட்டில் வெளிச்சம் போதாது என்றான். லாப்டாப்பை விரித்து, வருங்காலத்தில் வீடுகள் எப்படி இருக்கும் என்று படம் படமாகக் காட்டினான். வருங்காலத்துக்குப் போய்த் திரும்பி வந்தவன் மாதிரி ஒரு நிச்சயம்.

வருங்காலத்தில் சுவருக்குப் பூச்சு கிடையாதாம். செங்கல் வெளியே தெரிய வேண்டுமாம். நம் ஊரில் பூசாத வீடு என்றால் பாதியில் கை கடித்துவிட்டது என்று அர்த்தம். இரக்கப்பட்டுப் பேசாமல் கடந்து போவோம். இங்கே அதற்குத் தனி மேஸ்திரி, தனி வார்னிஷ். இடிந்த தறவாட்டுப் பரம்பரை வீட்டிலிருந்து தேக்குத் தூணை வாங்கிவந்து, எதையும் தாங்காமல் ஹாலின் நடுவில் நிறுத்தி வைப்பதும் வருங்காலம்தானாம். நடுமுற்றம் உண்டு, ஆனால் மேலே கண்ணாடிக் கூரை. மழை பெய்வதைப் பார்க்கலாம், நனையக் கூடாது. கீழே வெள்ளைக் கூழாங்கல் பரப்பிவிடுவார்கள். அதில் ஒரு வற்றல் கூடக் காயப்போட முடியாது.

“அடுக்களை எங்கப்பா?” என்றேன்.

ஹாலைக் காட்டினான். ஹாலும் சாப்பிடும் இடமும் அடுக்களையும் ஒன்றேதான், நடுவில் சுவரே கிடையாது, அதற்கு ஓப்பன் கிச்சன் என்று பெயர் என்றான்.

“ஃப்யூச்சரில் ஆரும் வீட்டில் குக் செய்யில்லா, ஆன்ட்டீ.” இனிமேல் வீடுகளில் யாரும் சமைக்கப் போவதில்லையாம்.

“அப்ப ஊரே எங்கிட்டல்லா வாங்கித் திங்கணும்? அடுக்களைய ரெண்டு மடங்காப் போடு.”

தமிழ் சினிமா பார்க்கிற பையன், நன்றாகவே புரிந்தது. சிரித்தான். ஆனால் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

3

சண்டை போட்டு, பின்பக்கத்து அறையை எனக்கென்று வாங்கினேன். பெரிய அடுப்பும் சட்டியும் போட அது போதும். வரைபடத்தில் அதற்கு ‘பலகாரம் செய்யும் அறை’ என்று எழுத வேண்டும் என்று நானே சொன்னேன். அந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று.

அனுமதி வாங்கும் ஆபீசில் முதலில் என் பேரில் இடித்தது. பத்திரத்தில் உலகம்மாள். ரேஷன் கார்டில் லோகம்மாள். கலியாணமாகி வந்த புதிதில் எவனோ ஒரு குமாஸ்தா, பாவம் தமிழச்சிக்கு எழுத்துத் தெரியவில்லை என்று என் பேரைத் திருத்தி உபகாரம் செய்திருந்தான்.

“உலகம்மாளும் லோகம்மாளும் ஒராளாணோ?” என்று கேட்டார் மேசைக்காரர்.

“ரெண்டு பேரும் என்னதுதான் சார்” என்றேன். இரண்டு பெயரும் எனக்கு உள்ளவைதான் என்று நான் சொன்னது, அவர் காதில் இரண்டு ஆட்களும் என்னுடையவர்கள் என்று விழுந்தது.

“ரெண்டு பேருண்டோ? எங்கில் மற்றே ஆளெயும் கொண்டு வரூ” என்று பேனாவை மூடினார். அந்த இன்னொரு ஆளை நான் எங்கே போய்க் கூட்டிவருவேன்? உலகம்மாளும் லோகம்மாளும் ஒரே ஆள்தான் என்று வேறொரு ஆபீசில் சான்று வாங்கிக்கொண்டு வந்தேன். நான்தான் நான் என்று எழுதிக் கொடுக்க அங்கே முத்திரை, கையெழுத்து, ‘நாளை வரூ’ எல்லாம் உண்டு.

அது முடிந்தால் அடுத்தது வரைபடம். பலகாரம் செய்யும் அறை என்றால் வியாபாரம், வியாபாரம் என்றால் வேறு விதி, வேறு அனுமதி என்றார் அதே மனிதர். கூட வந்திருந்த கார்த்திக் பயந்துபோனான். நிகில் அங்கேயே உட்கார்ந்து அந்த எழுத்தை அழித்து ‘ஸ்டோர்’ என்று மாற்றினான். வெறும் பேர்தானே அம்மா, அறை உனக்குத்தான் என்றான் கார்த்திக். பேர் மாறினால் ஆளே மாறிவிடும் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அதை நான் நம்பியிருக்கக் கூடாது. வேலை தொடங்கியபோது, ஸ்டோர்தானே என்று சூரிய மின்சாரத்து பேட்டரியையும், மழைநீர் வடிகட்டும் பீப்பாயையும், மினுக்கு மினுக்கென்று விளக்கெரியும் இன்னும் சில டப்பாக்களையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அங்கே தீ மூட்டக் கூடாதாம்.

ஆக எனக்கு மிஞ்சியது பழைய அடுக்களையும், அதற்கும் ஹாலுக்கும் நடுவில் நின்ற பழைய சுவரும், அதில் ஒரு கதவும். அந்தச் சுவருக்காக நான் பேசாமல் இருந்து பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். புகையும் எண்ணெய்க் கமறலும் ஹாலுக்கு வரும் என்றுதான் மகனிடம் காரணம் சொன்னேன். உண்மை அது மட்டும் இல்லை. எனக்கு அந்தக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நானும் ஈஸ்வரியும் வாய்விட்டுத் தமிழ் பேசுவது அதற்குள்ளேதான். வெளியே வந்தால் கடைக்கு ஒரு பாஷை, அடுத்த வீட்டுக்கு ஒரு பாஷை, மகனுக்குக் கலப்படமாக ஒன்று. அடுக்களைக்குள் மட்டும் நான் திருநெல்வேலி டவுன்காரி. சத்தம் போட்டுத் திட்டுவேன், சிரிப்பேன், சமயத்தில் அழுவேன். அது எனக்கு வேண்டும்.

கடைசியில் கார்த்திக் இறங்கி வந்தான். “செரி, செவரு இருக்கட்டும். பட்சே அடுக்களை சைடுல டைல் ஒட்டணும், கேட்டோ?”

ஒட்டிக்கொள் என்றேன்.

4

ஊர் வீட்டைப் பற்றி எழுதும்போது கண்ணீர் விட வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. என்னால் ஆகாது. டவுனில் நாங்கள் இருந்தது ரயில்பெட்டி வீடு. தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் தெரியும். நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், கடைசியில் அடுப்பங்கரை. அடுப்பங்கரைக்குப் புகைபோக்கி கிடையாது. அம்மா இருமுவது தெருவரைக்கும் கேட்கும். அந்த வீட்டை வருங்காலம் வந்து இடித்திருந்தால் நானே கும்பிட்டிருப்பேன்.

ஆனால் அங்கே கற்ற ஒரு சொல் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு கோடையில் அப்பா பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச ஏற்பாடு செய்தார். கொத்தனார் உளியையும் சுத்தியலையும் வைத்துச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழியாகக் கொத்தினார். வழவழப்பான சுவரில் பூச்சு பிடிக்காது அல்லவா? “பொளிஞ்சு விட்டாத்தான், சாமி, பூச்சு பிடிக்கும்” என்பார். அம்மியைக் கொத்துவதற்கும் நம் பக்கம் அதே சொல்தான். அம்மி பொளிய ஆள் வருவானே, கோமதிக்கு நினைவிருக்கும்.

இந்த ஊரிலும் அந்தச் சொல் உண்டு. இங்கே பொளிப்பது என்றால் இடித்துத் தள்ளுவது. எனக்கு அது தெரியாததா? பாலம் பொளித்தார்கள், கடை பொளித்தார்கள் என்று தினம் காதில் விழுகிற சொல். ஆனால் இரண்டு பாஷையையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிளறிக்கொண்டே இத்தனை காலம் ஓட்டியவளுக்கு, ஒரு சொல் வாயிலிருந்து விழும்போது அது மலைக்கு எந்தப் பக்கத்துச் சொல் என்று தெரிவதில்லை.

5

டைல் வந்து இறங்கிய அன்று காலையில் மேஸ்திரி சசி தன் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். நான் பழவங்காடிக் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சுவர் பிழைத்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டுதல்.

“அம்மே, இந்த செவரு எந்து செய்யணும்?” என்று சசி கேட்டார்.

பழைய சுவர், வழவழவென்று இருந்தது. டைல் எப்படிப் பிடிக்கும்? அப்பாவின் மகள் அல்லவா நான். அதிகாரமாகச் சொன்னேன். “நல்லா பொளிஞ்சு விடுங்க.”

சசி ஒரு தரம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “பொளிக்கணோ? முழுவனும்?”

“முழுக்க. ஒரு எடம் விடக்கூடாது.”

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தச் சுவரை எடுத்துவிட வேண்டும் என்று நிகில் முதல் நாளிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தான், அம்மாதான் விடவில்லை. இப்போது அம்மாவும் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழவங்காடியில் வரிசையில் நின்று, தேங்காயை ஓங்கி உடைத்தேன். சில்லுச் சில்லாகத் தெறித்தது. பிள்ளையார் ஏற்றுக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டேன். திரும்பி வந்தால் தெரு முனையிலேயே தூசி. உள்ளே நுழைந்தால், ஹாலில் நின்று பார்க்க என் அடுப்பு தெரிந்தது, அடுப்பைத் தாண்டி ஜன்னல் தெரிந்தது, ஜன்னலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொடித்துணி தெரிந்தது. மூட்டை மூட்டையாகச் சுவரை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கதவைப் பெயர்த்துத் தனியாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“தீர்ந்து அம்மே” என்றார் சசி. சொன்ன வேலையை ஒரு இடம் விடாமல் முடித்திருந்தார்.

 அந்த நேரம் பார்த்துக் கார்த்திக் வெளியிலிருந்து உள்ளே வந்தான். இடிந்த இடத்தைப் பார்த்தான். சசியைப் பார்த்தான்.

“அம்மை பறஞ்சிட்டா” என்றார் சசி, என்னைக் காட்டி. அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று.

கார்த்திக் இரண்டே எட்டில் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடம் போகிற வயசுக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டதே கிடையாது. காய்ச்சல் வந்தால் கூடத் தூர நின்று மாத்திரையை நீட்டுகிற பிள்ளை. 

“எனக்கு வேண்டி அல்லே அம்மா? எனக்கு வேண்டித்தானே பொளிக்கச் சொன்னே? அம்மா, நீ அடிபொளி!”

நன்றாக இருக்கிறது என்பதற்கு இங்கே பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் சொல்லும் சொல் அது. சினிமா அடிபொளி, சாப்பாடு அடிபொளி, இப்போது பெற்ற தாயும் அடிபொளி. பிரித்துப் பார்த்தால் அடி, பொளி. ஒரு ஊர்க்காரர்கள் சந்தோஷம் வந்தால் அடித்து இடிக்கிற சொல்லைத் தேடிப் பிடித்துச் சொல்கிறார்கள் என்றால், அவர்களை நம்பி வீடு கட்டக் கொடுத்த என்னை என்னவென்று சொல்வது?

ஆனால் ஆமாம்ல என்று அவன் முதுகில் தட்டினேன். அந்த ஒரு நிமிஷத்தை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. என்னிடமிருந்தும்தான்.

6

வருங்காலத்தில் ஒரு வருஷம் வாழ்ந்துவிட்டேன். உங்களுக்கு வருவதற்கு முன்னால் சொல்லி வைக்கிறேன்.

வாசல் கதவுக்குச் சாவி கிடையாது, விரலை வைத்தால் திறக்கும். எனக்குத் திறக்காது. மாவு பிசைந்து, சூட்டில் முறுக்குத் திருப்பி, என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டதாம். அந்தக் கதவின் கணக்கில் நான் யாருமே இல்லை. இந்த வீட்டை இத்தனை காலம் காத்த விரல்களை வைத்துக்கொண்டு சொந்த வீட்டு வாசலில் மணியடித்துவிட்டு நிற்கிறேன். உலகம்மாளும் லோகம்மாளும் ஒரே ஆள் என்று சான்று இருக்கிறது. கதவிடம் காட்டினால் படிக்குமா?

ஹாலில் ஒரு டப்பா உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் சொன்னால் விளக்கைப் போடும். நான் சொன்னால், புரியவில்லை, மன்னிக்கவும் என்று மரியாதையாகச் சொல்லும். ஒரு நாள் ஈஸ்வரியை நான் சத்தம் போட்டபோது அதுவாகவே முழித்துக்கொண்டு ஏதோ ஒரு பாட்டைப் பாடியது. அன்றைக்கு அதிரசம் கருகியது.

முறுக்குப் போட்டால் கூரையில் இருக்கும் இன்னொரு கருவி, வீடு தீப்பற்றிக்கொண்டது என்று அலறும். கார்த்திக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹாலில் மீட்டிங்கில் இருப்பான். இந்தப் பக்கம் சட்டி இரைகிறது, அந்தப் பக்கம் அவன் அமெரிக்காக்காரனிடம் மன்னிப்புக் கேட்கிறான். கோபிக்க மாட்டான். திரும்பிப் பார்த்து, “பதுக்கெ அம்மா, பதுக்கெ” என்பான். அவன் சொல்வது சட்டியை அல்ல, சட்டியை மெதுவாக இரையச் சொல்ல யாராலும் முடியாது. எங்கள் பேச்சைத்தான்.

ஈஸ்வரி இப்போதெல்லாம் கையால்தான் பேசுகிறாள். இரண்டு விரலைக் காட்டினால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். “எக்கா, இதுக்கு நம்ம ஊமையாவே பொறந்திருக்கலாம்” என்று ஒரு நாள் என் காதுக்குள் சொன்னாள். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் புறவாசலுக்கு ஓடினோம். சிரிப்பதற்குக் கூட வீட்டை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

7

இனி பிறந்தநாள் கூத்துக்கு வருகிறேன். கேக்கின் அடுக்களைப் பக்கத்தை வாயில் போட்டுக்கொண்டு நிகில் ஹாலில் நின்றான். மூக்கை உறிஞ்சினான். காலையில் போட்ட முந்திரிக்கொத்தின் வாசம் இன்னும் போகவில்லை.

“கார்த்தி, இப்போ டிரெண்டு மாறிட்டா. ஓப்பன் கிச்சன் எல்லாம் போயி. இனி குளோஸ்ட் கிச்சனா ஃப்யூச்சர்.”

அதாவது அடுக்களையை அடைத்துச் சுவர் வைப்பதுதான் இனி வருங்காலம். சத்தம் வராது, வாசம் வராது, தனிமை கிடைக்கும் என்று நான் சாப்பிடாமல் கிடந்து சொன்னதையும், சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்ததையும் தான் கண்டுபிடித்தது போல அடுக்கினான். ஒரு வருஷத்தில் வருங்காலம் நடந்து நடந்து எங்கள் டவுன் வீட்டு அடுப்பங்கரைக்கே வந்து சேர்ந்துவிட்டது. வெட்கம் மானம் ஏதாவது உண்டா இந்தப் பயலுக்கு? கேக்குக்கு இரண்டாம் துண்டு கேட்டான்.

ஆனால் என் கண் ஸ்டோர் பக்கம் போயிற்று. கதவு இன்னும் ஸ்டோரில் பேட்டரிக்குப் பின்னால்தான் சாய்ந்து நிற்கிறது. ஒரு வாரத்து வேலை. கார்த்திக் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவன் என்னைப் பார்த்தான். அன்றைக்குத் தூசிக்குள் பார்த்த அதே பார்வை.

“இல்ல நிகிலே. அம்மா ஆசப்பட்டு, அம்மாவே சொல்லிப் பொளிச்சதாக்கும் அது. யாரு என்ன சொன்னாலும் நான் அடைக்க மாட்டேன்.” பிறகு நண்பர்களிடம் திரும்பி, தன் அம்மா எப்பேர்ப்பட்டவள், கோவிலுக்குப் போகிற அவசரத்திலும் மகனுக்காகச் சுவரை விட்டுக்கொடுத்தவள் என்று அந்தக் கதையைச் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். கூரையிலிருந்த கருவி மட்டும்தான் அன்றைக்கு அலறவில்லை.

ஒரு வார்த்தை. “நான் சொன்னது கொத்தச் சொல்லிதான்ல.” அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சுவர் திரும்ப வந்துவிடும். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். போனேன் என்று என்ன, நாலு அடி தள்ளி நின்றேன். அங்கேயும் எல்லாருக்கும் தெரிந்தது என் முகம். சிரித்தேன்.

கோமதி, மலர் அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. ஒளித்து வைக்க மாட்டேன். சுவர் இருந்த இடத்தில் கறுப்புக் கல்லில் ஒரு மேடை போட்டிருக்கிறார்கள், அதன் மேலேயே விரித்து வைப்பேன். கார்த்திக் காப்பி குடிக்க வருவான், புரட்டிப் பார்ப்பான். பேசத் தெரியும் அவனுக்கு. தமிழ் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மலையாளம், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் படித்தான். நாலாவதுக்கு அங்கே இடம் இல்லை. என் போட்டோவை மட்டும் கண்டுபிடித்துவிடுவான்.

“அம்மா, இது நீயல்லே? இதுல என்ன எழுதிருக்கே?” என்று கேட்பான்.

“நம்ம அடுக்களையப் பத்திதாம்ல. அடிபொளின்னு எழுதிருக்கேன்” என்பேன்.

சந்தோஷப்படுவான்.